ஆறு மணிக்குத் திறக்கும் மதகு

ஹாலந்துக்குப் போக வேண்டியவன் நான். எழுபதுகளின் பின்பாதியில், காவிரிக் கடைமடைப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். எங்கள் ஆறு கடலில் சேரும் இடத்தில் மதகு கட்டி உப்புத் தண்ணீர் ஏறாமல் தடுக்க வேண்டும் என்று எங்கள் பெரிய என்ஜினியருக்கு நீண்டநாள் ஆசை. கடலைத் தடுப்பதில் கைதேர்ந்தவர்கள் ஹாலந்துக்காரர்கள், ஓர் ஆளை அனுப்பிப் பார்த்து வரச் செய்யலாம் என்று கோப்பு எழுதினார். கோப்பு ஒன்றரை வருஷம் மேலே சுற்றிவிட்டுத் திரும்பியபோது அதில் ஹாலந்து அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பச்சை மையில் எழுதியிருந்தார்: "டச்சுக்காரர்கள் கொச்சியிலும் இருந்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் போதும்."

அதற்குள் என் மனைவி தெரு முழுக்க ஹாலந்து என்று சொல்லி, கடைசி வீட்டு வாத்தியாரிடம் ஸ்வெட்டர்கூட இரவல் வாங்கியிருந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

பெரிய என்ஜினியர் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். "அங்கே ஒரு மதகு இருக்கிறது. எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வா. நமக்கும் அதேதான்."

எர்ணாகுளத்தில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். அங்கே பிராட்வே கடைத்தெருவில் ஒரு குடை வாங்கினேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும், "தமிழ்நாடா? அப்போ உங்களுக்குச் சின்னக் குடை போதாது, மழை பார்த்துப் பழக்கமிருக்காது" என்று மலையாளத்தில் சொல்லி, ஒரு குடும்பமே நிற்கக்கூடிய குடையைத் தலையில் கட்டிவிட்டார்.

மட்டாஞ்சேரிக்குப் படகு. நடுக்காயலில், உப்பங்கழியின் மத்தியில், அது உறுமி, இருமி, நின்றுவிட்டது. ஆற்றுப் பக்கமிருந்து பச்சைப் பாய் விரித்தாற்போல் மிதந்து வந்த பாசி படகின் அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். ஆப்பிரிக்கன் பாயல் என்றார்கள். படகுக்காரர் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் கூடை நிறைய வெற்றிலை வைத்திருந்த ஒருவர் எனக்கு விளக்கினார்.

"உப்பு பட்டா இது செத்துப்போகும் சாரே. முந்தி உப்பு வெள்ளம் கடல்லேர்ந்து எல்லாத் தோட்டிலும், வாய்க்காலிலும் கேறும். இப்போ என்ஜினியர்மார் அங்கங்கே மதகு கட்டி உப்பை நிறுத்திட்டாங்க. பாயலுக்கு நல்ல காலம்." பிறகு என்னைப் பார்த்து, "சாருக்கு என்ன ஜோலி?" என்றார்.

ஜவுளி வியாபாரம் என்று சொன்னேன். பத்து நிமிஷத்தில் புறப்படலாம் என்ற படகு ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் புறப்பட்டது.

மட்டாஞ்சேரியில் நான் தங்கிய லாட்ஜுக்குக் கீழே சுக்குக் கிடங்கு, எதிரே மிளகுக் கிடங்கு. அங்கிருந்த நாட்களில் எனக்கு ஜலதோஷம் பிடிக்கவில்லை, தும்மலும் நிற்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் சிவப்பாய் ஒரு வெந்நீர் வைத்தார்கள். தண்ணீர்த் துறைக்காரன் அல்லவா, முகர்ந்து பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், துரு என்று முடிவு செய்து அதில் கை கழுவினேன். பரிமாறுகிறவர் பதறி ஓடிவந்தார். மருந்துப் பட்டை போட்டுக் காய்ச்சிய குடிதண்ணீராம் அது. மறுநாளிலிருந்து இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டாம் நாள் அலுவலகம் போனேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், நான் பென்ஷன் வாங்குகிறவன். அங்கே அசிஸ்டன்ட் என்ஜினியர் மாத்யூ சார். நல்ல மனிதர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத சிரிப்பு. சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பதிவேடுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். காலை ஆறு மணி, திறக்கப்பட்டது. மாலை ஆறு மணி, மூடப்பட்டது. பக்கம் பக்கமாக, மாதம் மாதமாக, ஒரு நிமிஷம் முன்பின் இல்லை.

"எப்படி வந்தது இந்த ஆறு மணி?" என்று கேட்டேன்.

மாத்யூ சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "மதகை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும் என்றது மீன் இலாகா. எப்போதும் மூடியே வைக்க வேண்டும் என்றது விவசாய இலாகா. இரண்டு வருஷம் சண்டை. கடைசியில் கமிட்டி போட்டார்கள். ஒரே கூட்டத்தில் தீர்ந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணி நேரம் மீனுக்கு, இரவு பன்னிரண்டு மணி நேரம் நெல்லுக்கு. யாருக்கும் குறை இல்லை."

"மீனுக்கு ஏன் பகல்?"

"மீன் இலாகா ஆள் சர்வீஸில் மூத்தவர்."

மீன் இலாகா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சுவரைத் தட்டிக் காட்டினார். அடுத்த அறைதானாம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு எழுதுவார்கள், அங்கிருந்து அந்த அறைக்கு வரும். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அந்த அறையே கிடையாது. ஆற்றில் மீன் இருக்கிறது என்பதை எங்கள் அலுவலகம் மதியச் சாப்பாட்டின்போது மட்டும் ஒப்புக்கொள்ளும்.

மூன்றாம் நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில், மதகு திறப்பதைக் கண்ணால் பார்க்கப் போனேன். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே முக்கால் மணி நேரம். காயலிலிருந்து ஒரு தோடு, அதாவது அகலமான கால்வாய், வயல்களுக்குள் நுழையும் வாயில் மதகு. இரும்புப் பலகை, மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் தகரக் கொட்டகை. சக்கரத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர், பெயர் முத்து. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், எழுத வராது. மலையாளம்தான் எழுதுவார்.

என் கடிகாரத்தில் சரியாக ஆறு. இரும்புப் பலகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"முத்து, திறக்கிறீங்களா, மூடுறீங்களா?"

"மூடுறேன் சாரே."

"பதிவேட்டுல?"

"அதுல தொறந்தாச்சு."

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். அன்று காலை ஆறு, திறக்கப்பட்டது. அன்று மாலை ஆறு, மூடப்பட்டது. நாளைக்கும் எழுதியிருந்தது. அந்த வாரம் சனிக்கிழமை வரை எழுதி முடித்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேற்று அரை நாள் உட்கார்ந்து நாற்பது பக்கம் காப்பி எடுத்தவன் நான். "இது மோசடி இல்லையா?" என்றேன்.

முத்து பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "சாரே, இந்த வெள்ளம் தினமும் ரெண்டு வட்டம் கேறும், ரெண்டு வட்டம் இறங்கும். இன்னைக்கு ஆறு மணிக்குக் கேறித் தொடங்கினா நாளைக்கு முக்கால் மணிக்கூர் பிந்தும். மறுநாள் பின்னேயும் பிந்தும். அது வாவு பார்த்து, நிலாவைப் பார்த்து வருது, வாட்சு பார்த்து வரலை. பன்னிரண்டு மணிக்கூர் தொறந்து வெச்சா ஒரு கேற்றம் முழுசா உள்ளே வந்துடும், மனசிலாச்சா? அதான் இறங்கும்போ தொறக்கிறேன், கேறும்போ மூடுறேன்."

"கமிட்டிக்கு இது தெரியாதா?"

"கமிட்டி வந்தப்போ நான் சாயா கொண்டு கொடுத்தேன். என்கிட்டே வேற ஒண்ணும் கேக்கலை."

பொறியியல் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவன் நான். எங்கள் ஆறு ஒரே பக்கம் ஓடும், அதுவும் ஓடுகிற வருஷத்தில். தண்ணீர் வருமா வராதா என்று வானத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, கேட்காமலே தினம் இரண்டு தடவை வந்து போகிற தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

வரப்பின்மேல் ஒரு பெண் வந்தாள். ஏலிக்குட்டி, முத்துவைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் ஊரே அவளைச் சேச்சி, அக்கா, என்கிறது. அந்த வயலில் ஒரு பங்கு அவளுடையது. வயல் முழுக்கச் சேற்றை முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டி வைத்திருந்தார்கள். மழை அந்தக் குவியலின் உப்பைக் கழுவும், கழுவின பிறகு முளைகட்டிய பொக்காளி நெல்லை அதன்மேல் விதைப்பார்கள் என்று முத்து சொன்னார். சேச்சி அதற்கு முந்தைய நாள்தான் விதைத்திருந்தாள். காயலில் இன்னும் உப்பு இறங்கவில்லை. இந்தப் பத்து நாளுக்குள் கடல் ஏற்றம் ஒன்று உள்ளே வந்தால் முளை கருகிப்போகும். வேறு விதை நெல் அவளிடம் இல்லை.

அவள் வீட்டில் மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும் கொடுத்தாள். சாப்பிடும்போது அவள் சொன்னதை முத்து தமிழில் எடுத்துச் சொன்னார். அறுத்த பிறகு நெல் தாளை அப்படியே விட்டுவிடுவார்களாம். மழைக்காலம் போனதும் இதே உப்புத் தண்ணீரைக் கடல் ஏறும்போது உள்ளே திறந்து விடுவார்கள். கூடவே இறால் குஞ்சு வரும். அழுகிய தாளைத் தின்று வளரும். இறால் விட்டுப்போகும் கழிவில் மறு வருஷம் நெல் விளையும். உரம் என்று ஒரு பிடிகூட அவள் போட்டதில்லை.

"உங்க கமிட்டிக்காரங்க மீனுக்குப் பகல், நெல்லுக்கு ராத்திரின்னு பிரிச்சாங்களாமே. பிரிக்கறதுக்கு இது என்ன அண்ணன் தம்பி சொத்தா?" என்று சேச்சி கேட்டாள்.

எங்கள் முகத்துவாரத்திலும் இறால் உண்டு. மதகு கட்டினால் அதற்கு என்ன ஆகும் என்று எங்கள் கோப்பில் ஒரு வரி கிடையாது. குழம்பு நன்றாக இருந்தது, ஆனாலும் கடைசிக் கவளம் எனக்குச் சுகமாக இறங்கவில்லை.

நான்காம் நாள் கருத்த வாவு, அதாவது அமாவாசை. அன்று ஏற்றம் பெரிதாக இருக்கும் என்று முத்து முதல் நாளே சொல்லியிருந்ததால் போனேன். காலை ஆறே முக்காலுக்கு மதகை இறக்கிவிட்டார். ஒன்பது மணிக்குக் காயல் பக்கம் தண்ணீர் வயல் பக்கத்தைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது.

மாத்யூ சார் இறங்கினார். விருந்தாளியைத் தனியே விடலாமா என்று நல்ல எண்ணத்தோடு, கையில் ஒரு பொட்டலம் பழம்பொரியோடு வந்திருந்தார். மதகைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மதகைப் பார்த்தார்.

"முத்தூ, மணி ஒன்பது. ஏன் மூடியிருக்கிறது?"

 வரப்பில் நின்ற சேச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திற. பதிவேட்டை எடு."

திறந்தால் சேச்சியின் முளை போயிற்று. பதிவேட்டை எடுத்தால் முத்துவின் வேலை போயிற்று. முத்து நிரந்தர ஊழியர்கூட இல்லை, ஒரு வரி எழுதி நிறுத்திவிடலாம். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"மன்னிக்கணும் சார், மூடச் சொன்னது நான்தான். ரெண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு அளக்கணும். எங்க டிசைனுக்கு ரொம்ப முக்கியம்."

மாத்யூ சார் முகம் மலர்ந்தது. இரண்டு மாநில ஒத்துழைப்பு என்று ஏதோ சொன்னார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"தண்ணீர் ஏறி நிற்கிற வரை. பன்னிரண்டரை ஆகலாம்."

"அதெப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறீர்கள்?"

"படிச்சிருக்கேன்" என்றேன். முத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொய் சொல்வது சுலபம், அதற்கப்புறம் மூன்றரை மணி நேரம் மழையில் நின்று அளப்பதுதான் கஷ்டம். அளவுகோல் கொண்டுபோகாததால் சேச்சி வீட்டு மூங்கில் கழியில் கத்தியால் கோடு கிழித்துக்கொண்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்ப்பேன், ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், நோட்டில் எழுதுவேன். போய்விடுவார் என்று நினைத்த மாத்யூ சார் போகவில்லை. பிராட்வே குடையை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நான் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றார். அவ்வளவு பண்பானவர். நடுநடுவே ஒரு பழம்பொரி நீட்டுவார்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் பலகையின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்துவிட்டது. சேச்சி கையில் ஜெபமாலை உருண்டது. அங்கே நான் எழுதியதெல்லாம் நாடகம், ஆனால் அந்த நாலு விரலை மட்டும் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரல் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பன்னிரண்டரைக்கு, முத்து சொன்னபடி, நின்றது. ஒரு தென்னம்பாளை மதகின் முன்னால் எந்தப் பக்கமும் போகாமல் மிதந்தது.

"அளந்தாயிற்று, இனி திறக்கலாம் அல்லவா?" என்றார் மாத்யூ சார்.

"இறங்கும்போதும் அளக்கணும் சார். மூணு மணி ஆகும்."

அவருக்குப் பசி. நான்கு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மூன்று மணிக்கு இரண்டு பக்கமும் சமமானதும் முத்து மதகைத் தூக்கினார். வயலின் மழைத்தண்ணீர் மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு காயலுக்குப் போனது. சேச்சி வயலில் இறங்கினாள். போய் இரண்டு குவியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நடக்கையில் முத்து கேட்டார். "ரிப்போர்ட்டுல என்னா எழுதுவீங்க சாரே?"

நான் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

"உள்ளதை எழுதினா எனக்குப் பணி போகும். எழுதலைன்னா உங்க ஊர்லேயும் வாட்சு பார்த்து மதகு தொறப்பாங்க. சாரே தீருமானிச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லலை."

ஐந்தாம் நாள் ரயிலில் தீர்மானித்துவிட்டேன். முத்துவைக் காப்பாற்றுவதுதான் மனிதத்தன்மை என்று தோன்றியது. ஊருக்கு வந்து எழுதினேன். மதகு காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் இயக்கப்படுகிறது, பதிவேடு மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது, வயலும் மீனும் செழிப்பாக உள்ளன. நாற்பது பக்கக் காப்பியைப் பின்னால் இணைத்தேன். மாத்யூ சாருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். என் சர்வீஸில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் ஒப்புதலான அறிக்கை அது ஒன்றுதான். முத்துவின் பெயரையே எடுக்காமல், "கடலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து இயக்குவது நல்லது" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எழுதியிருப்பேன் என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து மாத்யூ சாரிடமிருந்து கடிதம் வந்தது. என் அறிக்கையைத் தலைமை அலுவலகம் வெகுவாகப் பாராட்டியதாம். இவ்வளவு ஒழுங்காக மணி தவறாமல் நடக்கும் வேலைக்கு ஆள் எதற்கு என்று யோசித்து, மதகுக்கு மின்சார மோட்டாரும் தானியங்கிக் கடிகாரமும் பொருத்திவிட்டார்களாம். காலை ஆறுக்குத் தானே திறக்கும், மாலை ஆறுக்குத் தானே மூடும். "எல்லாப் பெருமையும் உங்களுக்கே" என்று எழுதியிருந்தார். முத்துவை அலுவலகத்துக்கு மாற்றி, எல்லா மேஜையிலும் குடிதண்ணீர் வைக்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

நான் அன்றே பெரிய என்ஜினியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எழுத்தில் கொடு என்றார். கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது: "ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற அறிக்கைக்கு முரணாக உள்ளது. ஏற்பதற்கில்லை." எங்கள் மதகுக்கும் அதே மோட்டாருக்கு எழுதிப்போட்டாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் முத்துவிடமிருந்து ஒரு கார்டு வந்தது, முழுக்க மலையாளத்தில். பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த நாயரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னார்.

"சாருக்கு சுகம்தானே. எனக்கு சுகம். ஏலிக்குட்டி சேச்சி விதைச்சது ரெண்டு தடவை கருகிப்போச்சு. இந்த வருஷம் இனி விதைக்கலை. சாரை எப்பவும் விசாரிப்பா. அன்னைக்கு மழையிலே நின்ன அந்த சார் ஒரு வார்த்தை எழுதினா போதும், மோட்டாரை நிறுத்திடுவாங்கன்னு சொல்றா. சார் நல்லவர், கட்டாயம் எழுதியிருப்பார், மேலே இருக்கிறவங்கதான் கேக்கலைன்னு அவகிட்டே சொல்லியிருக்கேன்."

நாயர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். வேறொன்றும் இல்லை. "நல்ல மனசுக்காரன்" என்றார். "பதில் போடணுமா சார்? சொல்லுங்க, எழுதித் தரேன்."

கல்லாவிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பேனாவோடு காத்திருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் டீக்கு நின்றார்கள்.

"முத்து, சேச்சிகிட்டே நீங்க சொன்னது சரியில்லை, ஆறு மணின்னு எழுதிக் கொடுத்தவனே நான்தான், திருத்திச் சொல்லிடுங்கன்னு எழுதுங்க" என்றேன்.